நரி கால் வைக்கும் இடம்

சேர்வராயன் மலையில் பொழுது சாய்ந்ததும் காற்று திசை மாறும். பகலில் வெயில் சரிவைச் சுடும்போது சூடேறிய காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறுகிறது. இரவில் தரை வெப்பத்தை இழக்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, ஓடைப் பள்ளங்களின் வழியே கீழே இறங்குகிறது. அந்த மலையில் உள்ள தலைச்சோலை என்ற ஊரில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரம் கோழிக்கூடு இருக்கிறது என்று வையுங்கள். அதன் வாசனை பகலில் மேட்டுக் காட்டுக்கும் இரவில் கீழே உள்ள ஓடைப் புதருக்கும் போய்ச் சேரும். இருட்டிய பிறகு உலவும் ஒரு விலங்குக்கு அந்தக் கூடு கண்ணில் படுவதற்கு வெகு முன்பே மூக்கில் பட்டுவிடும்.

இந்த ஒரு விவரம் தெரியாமல் அந்த விலங்கைப் பிடிக்கவும் முடியாது. அதனிடமிருந்து கோழியைக் காக்கவும் முடியாது. பொறி வைப்பதைக் கொடூரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நாயினத்து விலங்குகள் எப்படி மோப்பம் பிடிக்கின்றன, எதை நினைவில் வைக்கின்றன, எந்த இடத்தில் காலை ஊன்றுகின்றன என்பதை மனிதன் மிக நுணுக்கமாகக் கற்றது பொறி வைத்துத்தான். அந்த அறிவை இன்று எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

நாலு வகைப் பொறி, நாலு வகைத் தூண்டுதல்

இந்த அறிவு மிகக் கூர்மையாக வளர்ந்தது வட அமெரிக்காவில், கொயோட்டி என்ற விலங்கைத் துரத்தியபோது. கொயோட்டி நம் நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உடல்வாகு கொண்டது. எடை பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ வரை. ஒரு காலத்தில் அந்தக் கண்டத்தின் நடு, மேற்குப் பகுதிகளில் மட்டும் இருந்தது. ஆட்டுப் பண்ணைக்காரர்கள் சுட்டார்கள், நஞ்சு வைத்தார்கள், பொறி வைத்தார்கள். அத்தனைக்கும் பிறகு அது இன்று அலாஸ்கா முதல் பனாமா வரை பரவியிருக்கிறது. சிகாகோ போன்ற பெருநகரங்களின் நடுவிலும் குட்டி போடுகிறது.

கொயோட்டிக்கு வைக்கும் இரும்புப் பொறியின் அமைப்பு எளிது. இரண்டு தாடைகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் வில், நடுவே ஒரு தட்டு. தட்டில் கால் பட்டால் தாடைகள் மூடிப் பாதத்தைக் கவ்வும். 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்து ஒனைடா சமூகத்தில் சீவெல் நியூஹவுஸ் என்பவர் செய்த பொறிகள் பெயர் பெற்றவை. அடிப்படை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. சிக்கல் இருப்பது இரும்பில் இல்லை. பல சதுர கிலோமீட்டரில் சுற்றித் திரியும் விலங்கு, உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தத் தட்டின் மேல் சரியாகக் காலை வைக்க வேண்டும். அதை எப்படி வைக்கச் செய்வது? இதற்கு வேட்டைக்காரர்கள் கண்ட விடைகள் நான்கு. ஒவ்வொன்றும் விலங்கின் ஒவ்வொரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது.

முதலாவது, பதுக்கல் குழி. நாயினத்து விலங்குகள் தின்று மிஞ்சிய இரையை மண்ணைத் தோண்டிப் புதைத்து வைக்கும். பிறிதொன்று புதைத்ததைத் திருடவும் செய்யும். எனவே தரையில் சாய்வாக ஒரு சிறு குழி தோண்டி, உள்ளே இறைச்சித் துண்டை வைத்து, தோண்டிய மண்ணை முன்னால் சிதறிவிடுகிறார்கள். பார்க்கும் கொயோட்டிக்கு அது வேறொரு விலங்கின் சேமிப்பு. குழிக்குள் மூக்கை நீட்டும்போது அதன் முன்னங்கால் குழியின் வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் பின்னால் ஊன்றும். பொறி அங்கே, சலித்த மண்ணுக்கு அடியில் இருக்கும். நேராக நடுவில் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வைப்பார்கள். விலங்கின் மூக்கு உடலின் நடுக்கோட்டில் இருக்கிறது. பாதங்கள் இரு பக்கமும் விலகி இருக்கின்றன. இந்த உடற்கூற்றுக் கணக்குத் தெரியாதவனுக்குப் பொறி வெறும் இரும்புதான்.

இரண்டாவது, மூத்திரக் கம்பம். தெருநாய் மின்கம்பத்தை முகர்ந்து காலைத் தூக்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொயோட்டியும் தன் எல்லையில் துருத்தி நிற்கும் கல், கட்டை, புல்குத்து ஆகியவற்றில் மூத்திரம் விட்டு அடையாளம் வைக்கும். அந்நியக் கொயோட்டியின் மூத்திரம் அங்கே மணத்தால், அதன் மேல் தன்னுடையதை விடாமல் நகராது. இந்தப் பொறியில் தீனியே கிடையாது. வயிறு நிறைந்த விலங்கையும் இது இழுக்கும். ஏனெனில் இது தொடுவது பசியை இல்லை, எல்லைச் சண்டையை.

மூன்றாவது, தட்டைப் பொறி. குழியும் இல்லை, கம்பமும் இல்லை. வெட்டவெளியில் ஒரு பழைய எலும்பு, அல்லது உலர்ந்த சாணிக்கட்டியில் பூசிய ஒரு சொட்டு வாசனைக் கலவை. மண்ணைக் கிளறிய தடம் குறைவாக இருப்பதால், ஏற்கெனவே ஒரு பதுக்கல் குழியில் தப்பிப் பிழைத்து ஞானம் பெற்ற கொயோட்டிக்கும் இதில் சந்தேகம் குறைவு. புரண்டு பார்க்க, முகர, நக்க அது தானாக வந்து நிற்கும். இங்கே வேலை செய்வது ஆர்வம்.

நான்காவது, வெறும் தடத்தில் வைக்கும் பொறி. தீனி இல்லை, வாசனை இல்லை, கண்ணுக்குத் தெரியும் எதுவும் இல்லை. வேலிக்கு அடியில் விலங்கு நுழையும் இடுக்கு, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கும் ஒற்றையடிப் பாதை, ஓடையைத் தாண்டும் மணல்திட்டு என விலங்கு எப்படியும் போகும் இடத்தில் பொறியைப் புதைக்கிறார்கள். குறுக்கே ஒரு குச்சியைப் போட்டுவிட்டால், குச்சியைத் தாண்டிக் கால் எங்கே விழும் என்பதையும் தீர்மானித்துவிடலாம். கால் கல்லிலும் குச்சியிலும் படாமல் மெத்தென்ற மண்ணில் படுவதையே நாயினம் விரும்புகிறது. பழக்கத்தை மட்டும் நம்பும் இந்த முறை நான்கிலும் கடினமானது. வைப்பவன் தடத்தைப் படிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

பருவமும் காற்றும்

எந்த முறை எப்போது பலிக்கும் என்பதை விலங்கின் நாட்காட்டி முடிவு செய்கிறது. இலையுதிர் காலத்தில் அந்த ஆண்டுக் குட்டிகள் பெற்றோரைவிட்டுப் பிரிந்து, பசியோடும் அனுபவமின்றியும் அலைகின்றன. அப்போது பதுக்கல் குழி பலிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். அப்போது இணைகள் எல்லையை மும்முரமாகக் காக்கும். மூத்திரக் கம்பத்தின் பக்கம் அவை திரும்பும். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் பிறந்ததும் பெற்றோரின் நடமாட்டம் வளையைச் சுற்றிச் சுருங்கிவிடும். ஒரே நிலத்தில் ஒரே விலங்குக்கு, மாதத்தைப் பொறுத்து விடை மாறுகிறது.

இடத்தேர்வில் காற்றுக்கு முதலிடம். கொயோட்டி நடக்கும் பாதையின் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசுகிறதோ அந்தப் பக்கத்தில் பொறியை வைத்தால்தான் வாசனை பாதைக்கு வந்து சேரும். எதிர்ப்பக்கம் வைத்தால், பத்தடி தொலைவில் நடந்துபோகும் விலங்குக்கும் அங்கே ஒன்று இருப்பது தெரியாது. ஈர மண் வாசனையை மெல்ல மெல்ல விடும், கடும் வெயிலில் அது விரைவில் ஆவியாகிவிடும், பெருமழை கழுவிவிடும். சேர்வராயனைப் போல இருபருவ மழையும் மூடுபனியும் கொண்ட மலையில் மோப்பத்தின் எல்லை ஒரே வாரத்தில் பலமுறை விரிந்து சுருங்கும்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு தடை எஞ்சுகிறது. கொயோட்டிக்குத் தன் நிலம் மனப்பாடம். தெற்கு டெக்சஸில் நடந்த ஆய்வுகளில், தன் வாழிடத்தின் நடுவில் சிக்குவதைவிட விளிம்பிலும் வெளியிலும் அது எளிதாகச் சிக்குவது தெரியவந்தது. தெரிந்த இடத்தில் புதிதாகத் தோன்றும் ஒரு கல்கூட அதற்கு அந்நியம். தெரியாத இடத்தில் எல்லாமே புதிது என்பதால் எதையும் தனியாகச் சந்தேகிக்க வழியில்லை. 2003இல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வு இன்னும் வியப்பானது. அங்கே வைத்தது பல்லுள்ள பொறிகூட இல்லை; தானியங்கிக் கேமராக்கள். ஒவ்வொரு எல்லைக்கும் உரிய மூத்த இணை தன் சொந்த எல்லைக்குள் படத்தில் சிக்கவே இல்லை. ஆய்வாளர்கள் கேமராவைப் பொருத்தியபோதே அவை மனித நடமாட்டத்தைக் கவனித்துவந்ததாகத் தெரிந்தது. பொறி வைப்பவன் விலங்கைப் படிக்கும்போது விலங்கும் அவனைப் படித்துக்கொண்டிருந்தது.

அடிவாரத்து வங்கா நரி

சேர்வராயனில் கொயோட்டி இல்லை. ஆனால் அதே குடும்பத்து விலங்கைப் பிடிக்கும் வழக்கம் இந்த மலையடிவாரத்தில் உண்டு. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் கொட்டவாடி, ரங்கனூர், சின்னமநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களில் பொங்கலை ஒட்டி நடந்துவந்த வங்கா நரி ஜல்லிக்கட்டைச் செய்தித்தாள்களில் பலர் படித்திருப்பார்கள். நரி முகத்தில் விழித்தால் ஊர் செழிக்கும், மழை பெய்யும் என்பது நம்பிக்கை. புதர்க்காட்டில் வலை கட்டி நரியைப் பிடிப்பார்கள். வாயைக் கட்டி, காலில் கயிறு பூட்டி, ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுவந்து கூட்டத்துக்கு நடுவே ஓடவிடுவார்கள். பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். வனத்துறை இதைத் தடுத்து, மீறுவோர் மீது வழக்குப் பதிந்து அபராதம் விதித்துவருகிறது.

வங்கா நரி என்று அந்த ஊர்கள் சொல்வது இந்திய நரியை. நாம் ஊளையிடக் கேட்கும் பெரிய நரியிலிருந்து இது வேறானது. பெரிய நரி 8 முதல் 11 கிலோ வரை இருக்கும். இது பெரும்பாலும் 2 முதல் 4 கிலோவுக்குள் அடங்கிவிடும். மெலிந்த கால், கூர்முகம், பெரிய காது, நுனி கறுத்த புசுபுசு வால். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. அடர்ந்த காட்டில் இருக்காது. புல்வெளி, முட்புதர், மானாவாரிக் காடு ஆகியவையே இதன் வீடு. கரையான், வண்டு, வெட்டுக்கிளி, எலி, நண்டு, பல்லி, இலந்தைப்பழம் எனக் கிடைப்பதைத் தின்னும். நாங்குநேரியில் பிறந்த காட்டுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் இந்த நரியின் வாழ்க்கைமுறை பற்றிய தம் ஆய்வை 1978இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டார். இந்திய நரியைப் பற்றி அறிய விரும்பும் யாரும் இன்றும் தொடங்கும் இடங்களில் அது ஒன்று.

இந்த நரி மண்ணில் வளை தோண்டி வாழும். வளைக்கு வாய் பல இருக்கும். ஒரு வாயில் ஆபத்து என்றால் இன்னொரு வாய் வழியே வெளியேறும். வெளியேறிய பின் ஓடும் தடங்களும் ஏறக்குறைய நிலையானவை. வலை கட்டும் ஊர்க்காரர் அந்தத் தடத்தை அறிந்திருக்கிறார். கொயோட்டி வேட்டைக்காரர்களின் நான்காவது முறை, தீனியின்றி, வாசனையின்றி, வழக்கத்தை மட்டும் நம்பி வைக்கும் அந்த மிகக் கடினமான முறை, வாழப்பாடிப் புதர்க்காட்டில் வலையின் வடிவில் தலைமுறைகளாக இருந்துவந்திருக்கிறது. அந்தக் கவனிப்புக்கு மதிப்பு உண்டு. நரி எங்கே படுக்கும், எந்த நேரம் வெளிவரும், எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் புத்தகம் படிக்காமல் அறிந்தவர்கள் அவர்கள்.

ஆனால் பிடிபட்ட பின் நரியின் உடலுக்குள் நடப்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. நாயினத்துக்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்க்காது. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, இளைப்பெடுத்துத்தான் அவை பெரும்பாலும் உடற்சூட்டைத் தணிக்கின்றன. வாயைக் கட்டினால் அந்த முக்கிய வழி அடைபடுகிறது. பகல் வெயிலில், மேளத்துக்கும் கூச்சலுக்கும் நடுவே, பயந்து திமிறும் உடலில் சூடு ஏறிக்கொண்டே போகும். அதோடு, எல்லை மீறிய பயமும் திமிறலும் தசைகளைச் சிதைக்கும். சிதைந்த தசையிலிருந்து கசியும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். காட்டுயிர் மருத்துவர்கள் அஞ்சும் இந்தக் கோளாறில் விலங்கு உடனே சாக வேண்டும் என்பதில்லை. விடுவித்து நாள்கள் கழித்தும் சாகலாம். காட்டில் விட்டபோது ஓடிப்போனது என்பது அது பிழைத்தது என்பதற்குச் சான்றாகாது.

காலமும் பொருந்தவில்லை. இந்திய நரி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இணைசேரும். ஏறத்தாழ 50 நாள் கழித்து இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே குட்டிகளை வளர்க்கும். தை பிறக்கும்போது வலையில் விழும் பெண்நரி சினையாக இருக்கலாம். ஆண்நரி என்றால், பிறக்கப்போகும் குட்டிகளுக்கு இரை கொண்டுவர வேண்டிய ஒன்று. மழையும் விளைச்சலும் வேண்டிக் கொண்டாடும் நாள், எலியைத் தின்று வெள்ளாமையைக் காக்கும் விலங்கின் அந்த ஆண்டுத் தலைமுறைக்கே ஆபத்தான நாளாகிவிடுகிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதைக் கொல்வதோடு நிறுத்தவில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, தீனி வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். காளை ஜல்லிக்கட்டுக்கு 2017இல் தமிழகம் செய்த சட்டத் திருத்தம் வீட்டில் வளரும் மாட்டுக்கானது; காட்டில் வாழும் நரிக்கு அது பொருந்தாது.

கேள்வி கேட்காத கம்பி

நரிக்கு வலை கட்டுபவராவது தனக்கு என்ன விலங்கு வேண்டும் என்று அறிந்து கட்டுகிறார். தென்னிந்திய மலைத் தோட்டங்களின் ஓரங்களில் காட்டுப்பன்றிக்காக மறைவாகக் கட்டப்படும் சுருக்குக் கம்பி அப்படிப்பட்டதில்லை. வண்டியின் கிளட்ச் கம்பி, பிரேக் கம்பி ஆகியவற்றில் ஒரு சுருக்கு முடிந்து, வேலி இடுக்கில் தொங்கவிட்டால் முடிந்தது. செலவு மிகக் குறைவு. அதில் கழுத்தோ இடுப்போ நுழையும் எதுவும் சிக்கும். நீலகிரியில் சிறுத்தைகள் இப்படிச் சிக்கி இறந்திருக்கின்றன. மான், முள்ளம்பன்றி, நரி, ஊர்நாய் எதுவும் தப்பாது. திமிறத் திமிறக் கம்பி இறுகும்.

அவுட்டுக்காய் இதைவிடக் கொடியது. தீனிக்குள் வெடிமருந்தை வைத்துக் கட்டிய உருண்டை அது. கடித்ததும் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடித்து, தின்ன முடியாமல், குடிக்க முடியாமல் நாள்கணக்கில் நலிந்து இறந்த நிகழ்வுகள் தமிழகக் காடுகளில் உண்டு.

பொறி அறிவியலின் பார்வையில் இவற்றின் குறை எளிதில் விளங்கும். எந்த விலங்கு, எந்தப் பழக்கம், எந்த எடை, எந்தப் பருவம் என்ற எந்தக் கேள்வியும் இவற்றில் இல்லை. கொயோட்டிப் பொறியில்கூடத் தட்டின் அழுத்தத்தைக் கூட்டி, எடை குறைந்த விலங்கு மிதித்தால் மூடாதபடி வைக்கலாம். தாடைக்கு ரப்பர் பூசி எலும்பு முறிவைக் குறைக்கலாம். அப்படித் திருத்திய பொறியையும் உலகின் பல பகுதிகள் ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1995 முதல் இரும்புக் காற்பொறிக்குத் தடை. கலிஃபோர்னியாவில் 1998இல் மக்கள் வாக்கெடுப்பிலேயே அதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது.

பிடித்தால் தீருமா?

கோழி போனவருக்கும் ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்தவருக்கும் இந்த நியாயங்கள் ஆறுதல் தராது. அவர்களுடைய கேள்வி நேரடியானது: பிடித்துவிட்டால் தொல்லை தீருமா? இதற்கு விடை சொல்லக் கொயோட்டியைப் போல நீண்ட அனுபவம் தந்த விலங்கு வேறில்லை.

அமெரிக்க அரசின் கணக்கிலேயே ஆண்டுதோறும் பல்லாயிரம் கொயோட்டிகள் கொல்லப்படுகின்றன. 1975இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கானலி, லாங்ஹர்ஸ்ட் இருவரும் ஒரு கணித மாதிரியை உருவாக்கிப் பார்த்தார்கள். ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக் கொயோட்டிகளைக் கொன்றுகொண்டே போனாலும், அவற்றை முற்றாக ஒழிக்க 50 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அது காட்டியது. காரணம் உயிரியலில் இருக்கிறது. கூட்டம் குறைந்தால் எஞ்சியவற்றுக்கு உணவு பெருகும், குட்டிகள் கூடும், இளம் பெண்விலங்குகளும் சீக்கிரமே குட்டி போடும், காலியான எல்லைக்கு வெளியிலிருந்து புதியவை வந்து சேரும்.

பிடிபடுவது எது என்பதும் முக்கியம். வட கலிஃபோர்னியாவில் ஓர் ஆட்டுப் பண்ணையில் நடந்த ஆய்வில், ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் எல்லைக்கு உரிய, குட்டி வளர்க்கும் மூத்த கொயோட்டிகள் என்று தெரிந்தது. பொறியில் எளிதாகச் சிக்கியவையோ இளையவை, இடமின்றி அலைபவை. பொறி தண்டித்தது ஒன்றை; ஆட்டைத் தின்றது இன்னொன்று. முன்பு சொன்ன கேமரா ஆய்வை இதோடு சேர்த்துப் பாருங்கள். தன் நிலத்தை மனப்பாடமாக அறிந்த மூத்த விலங்குதான் பொறியையும் நன்றாக அறிகிறது.

நம் நாட்டிலும் இதே பாடம் சிறுத்தையின் வழியே கிடைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு இடங்களில் விட்டார்கள். அதற்கு முன் அங்கே மனிதர்மீது நடந்த தாக்குதல் ஆண்டுக்குச் சராசரி 4. அதற்குப் பின் 17 ஆயிற்று. வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2011இல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்கியது. பழகிய நிலத்திலிருந்து பிடுங்கி, முன்பின் தெரியாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை அதிக ஆபத்தானதாக மாறியது; காலியான இடத்துக்கும் வேறொன்று வந்து சேர்ந்தது. விலங்கை அகற்றினோம், தொல்லையை இடம் மாற்றினோம்.

பல் இல்லாத பொறி

பொறி வைப்பவர்களின் அறிவை மிக நல்ல வழியில் பயன்படுத்திய முயற்சி ஒன்று அதே அமெரிக்காவில்தான் தொடங்கியது. 1972இல் அந்நாட்டு மீன் மற்றும் காட்டுயிர்த் துறை கொயோட்டிகளை எண்ண ஒரு வழி கண்டது. சாலையோரம் ஏறத்தாழ மூன்றடி அகல வட்டத்தில் மண்ணைச் சலித்துப் பரப்பி, நடுவில் வாசனைப் பொருள் ஒன்றை வைத்தார்கள். ஏறக்குறைய அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக 50 வட்டங்கள் ஒரு வரிசை. காலையில் போய்ப் பார்த்தால், வந்துபோன விலங்கின் பாதம் மண்ணில் பதிந்திருக்கும். பொறி வைப்பவர்களின் வாசனைத் தூண்டுதலும் சலித்த மண்ணும் அப்படியே இருக்கின்றன. இரும்பு மட்டும் இல்லை.

அடுத்த படி கேமரா. இந்திய வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன் 1920களில் வட இந்தியக் காட்டுப் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, புலியின் கால் பட்டதும் படம் விழும்படி செய்தார்; 1927இல் வந்த அவருடைய நூல் அந்தப் படங்களால் புகழ்பெற்றது. 1990களில் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த், கேமராப் படங்களில் புலிகளின் வரிகளை ஒப்பிட்டு எண்ணும் முறையை நிறுவினார். இன்று இந்தியாவின் புலிக் கணக்கெடுப்பே இதன்மேல் நிற்கிறது.

தானியங்கிக் கேமராவை வைப்பதும் பொறி வைப்பதைப் போன்ற கலைதான். அதன் உணரி, வெப்பத்தில் சட்டென ஏற்படும் மாற்றத்தைக் கவனிக்கிறது. உடலின் மேற்பரப்புக்கும் பின்னால் உள்ள தரைக்கும் சூட்டில் வேறுபாடு இருக்க வேண்டும். அந்த உடல் உணரியின் பார்வைக்குக் குறுக்கே நகரவும் வேண்டும். குளிர்ந்த ஏற்காட்டு இரவில் இது நன்றாக வேலை செய்யும். அடிவாரத்தில் சித்திரை வெயிலில் பாறையும் விலங்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது தவறவிடும். கேமராவை நோக்கி நேராக வரும் விலங்கைவிடக் குறுக்கே கடக்கும் விலங்கு எளிதில் சிக்கும். எனவே பாதைக்குச் சற்றுச் சாய்வாகக் கட்ட வேண்டும். நரியின் அளவுக்கு முழங்கால் உயரம் போதும். இடுப்பு உயரத்தில் கட்டினால் அது அடியில் நுழைந்து போய்விடும். உதயத்தையும் அஸ்தமனத்தையும் பார்க்காதபடி வடக்கு நோக்கி வைப்பது நல்லது. எதிரில் அசையும் புல்லை நீக்காவிட்டால் காற்றின் ஆட்டமே படங்களை நிரப்பிவிடும்.

தலைச்சோலையில் செய்யக்கூடியது

ஏற்காட்டில் கோழியும் ஆடும் வளர்க்கும் ஒருவருக்கு இதெல்லாம் என்ன தரும்? முதலில், தொல்லை தருவது எது என்று கண்டறியும் வழி தரும். கூட்டைச் சுற்றிச் சொந்த நிலத்தில் இரண்டடி அகலத்துக்கு மண்ணைச் சலித்துப் பரப்பி, கையால் சமன்செய்து விடுங்கள். விடியலில் குனிந்து பாருங்கள். நான்கு விரலும் முன்னால் நகக் கீறலும் இருந்தால் நாயினம். பெரியதாக, விரல்கள் பரந்து, ஒழுங்கின்றிச் சுற்றியிருந்தால் பெரும்பாலும் ஊர்நாய். ஒடுங்கி, ஒரே கோட்டில் நேராகப் போனால் நரி. நான்கு விரல் இருந்து நகமே பதியாவிட்டால் பூனையினம். ஐந்து விரல் என்றால் மரநாயோ கீரியோ. பழி நரிமேல் இருக்க, பாதம் ஊர்நாயுடையதாக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது, தூண்டுதலை நீக்குவது. செத்த கோழியையும் குடலையும் கூட்டின் அருகே எறிந்தால், நாமே ஒரு வாசனைப் பொறியை வைத்தவர்கள் ஆகிறோம். இறங்கும் இரவுக்காற்று அதைப் பள்ளம் வரை கொண்டுபோகும். அதை ஆழமாகப் புதைக்க வேண்டும். நாயினம் தோண்டும் என்பதால் கூட்டின் வலையைத் தரைமட்டத்தில் முடிக்காமல், வெளிப்பக்கம் ஒன்றரை அடிக்கு மடித்து மண்ணுக்குள் பதிக்க வேண்டும். தோண்டும் விலங்கு சுவரின் அடியில்தான் தோண்டும், பின்னால் தள்ளி நின்று தோண்டத் தெரியாது. பொழுது சாயும் முன் கதவை அடைப்பதும், குட்டி ஈனும் ஆட்டைப் பட்டிக்குள் வைப்பதும் எந்தப் பொறியைவிடவும் மலிவானவை. கொயோட்டியின் கால் எங்கே ஊன்றும் என்ற அதே அறிவு இங்கே கோழியைக் காக்கிறது.

ஊர்நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் நரியைக் காக்கும். மகாராஷ்டிரத்தின் நன்னஜ் புல்வெளியில் இந்திய நரியை ஆய்ந்த அபி தமீம் வனக், நாய்கள் உலவும் இடங்களை நரி தவிர்ப்பதையும், நாய்களின் நோய்கள் அதைத் தொற்றுவதையும் பதிவுசெய்திருக்கிறார். வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்ட புல்வெளி வீட்டுமனையாக மாற மாற, அந்தச் சிறு நரிக்கு ஒதுங்க இடமும் குறைகிறது.

வாழப்பாடியில் நரியின் தடம் அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அறிவு வலையோடு சேர்ந்து மறைந்துபோகக் கூடாது. வனத்துறையும் அருகிலுள்ள கல்லூரிகளும் அவர்களை அழைத்து, சலித்த மண்ணும் கேமராவும் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்; மாணவர்கள் அவர்களோடு நடந்து தடம் படிக்கக் கற்க வேண்டும்; வனப்பகுதிக்குள் செய்வதை முறையான அனுமதியோடு செய்ய வேண்டும். பொங்கலன்று நரி முகத்தில் விழிக்க விரும்பும் ஊருக்கு, தன் ஊர்ப் புதரில் முந்தின இரவு நடந்துபோன நரியின் படத்தைத் திரையில் காட்டலாம். வாய் கட்டப்படாத, தன் வழியில் போகும் நரியின் முகம் அது. நரியைப் பார்த்தால் ஊர் செழிக்கும் என்ற நம்பிக்கைக்கு அறிவியலும் ஒரு பொருள் சொல்லும்: எலி மிகாமல், புல்வெளி அழியாமல் இருக்கும் நிலத்தில்தான் இந்திய நரி தை மாதத்தில் இணை தேடித் திரியும். அந்த நிலம் செழிப்பானதுதான்.